இருதய சிகிச்சைக் கட்டணத்தை நிர்ணயிப்பது யார்?

நெஞ்சு வலிக்கிறது என்று மருத்துவரிடம் போகிறவர் முதலில் கேட்பது, "டாக்டர், பயப்பட ஒன்றும் இல்லையே?" என்பதுதான். தனியார் மருத்துவமனையில் அவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று, "நீங்கள் எந்தக் காப்புறுதி எடுத்திருக்கிறீர்கள்?" என்பது. ஒன்று உயிரைப் பற்றிய கேள்வி, மற்றது பணத்தைப் பற்றிய கேள்வி. இரண்டுக்கும் தொடர்பில்லை என்றே பலரும் நினைக்கிறார்கள்.

தொடர்பு இருக்கிறது. ஒரே வயது, ஒரே இரத்தக்குழாயில் ஒரே அளவு அடைப்பு, ஒரே வகை ஸ்டென்ட் என்று இரண்டு பேர் படுத்திருந்தாலும் இருவருக்கும் வரும் பில் ஒன்றாக இருப்பதில்லை. வேறுபாட்டுக்குக் காரணம் இருதயத்தில் இல்லை. மருத்துவருக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் இடையே உள்ள ஏற்பாட்டில் இருக்கிறது. அந்த ஏற்பாடு என்ன, அது யாருடைய பணப்பையைத் தொடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவசியம்.

பில்லில் என்ன இருக்கிறது?

இருதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயில் அடைப்பு ஏற்பட்டால், கை அல்லது தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் நுனியிலுள்ள பலூனை விரித்து அடைப்பைத் திறக்கிறார்கள். இதுதான் ஆஞ்சியோபிளாஸ்டி. ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர் 1977 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் இதை முதன்முதலாகச் செய்தார். திறந்த குழாய் மறுபடி மூடிக்கொள்ளாமலிருக்க ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாயை உள்ளே வைக்கும் முறை 1986-ல் வந்தது. அடைப்புகள் பல இருந்தாலோ, சிக்கலான இடத்தில் இருந்தாலோ நெஞ்சைத் திறந்து பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்கிறார்கள்.

சிகிச்சை ஒன்றாக இருந்தாலும் பில்லில் பல பகுதிகள் உண்டு. சிகிச்சை செய்யும் மருத்துவரின் கட்டணம், மயக்க மருந்து கொடுப்பவரின் கட்டணம், சிகிச்சைக் கூடத்தின் வாடகை, ஸ்டென்ட், பலூன் போன்ற பொருட்களின் விலை, மருந்து, படுக்கைக் கட்டணம் என்று அது நீளும்.

சிங்கப்பூரில் பொது மருத்துவமனை மருத்துவர் சம்பளம் வாங்குபவர். அங்கு பி2, சி வகுப்புப் படுக்கைகளுக்கு அரசாங்க மானியமும் உண்டு. தனியார் மருத்துவமனையில் நிலைமை வேறு. அங்குள்ள நிபுணர்களில் பெரும்பாலோர் மருத்துவமனையின் ஊழியர்கள் அல்லர். சொந்தமாகக் கிளினிக் நடத்திக்கொண்டு, மருத்துவமனையின் சிகிச்சைக் கூடத்தைப் பயன்படுத்துகிறார்கள். தம் கட்டணத்தைத் தாமே நிர்ணயிக்கிறார்கள். ஆகவே ஒரே மருத்துவமனையில், ஒரே கூடத்தில், ஒரே சிகிச்சைக்கு இரண்டு மருத்துவர்கள் இரண்டு தொகை கேட்க முடியும்.

மருத்துவருக்குப் பணம் போகும் மூன்று வழிகள்

உலகெங்கும் மருத்துவருக்குப் பணம் கொடுக்கும் முறைகளைச் சுருக்கமாக மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வழி, செய்த ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிக் கட்டணம். ஆஞ்சியோகிராம் ஒன்றுக்கு இவ்வளவு, ஸ்டென்ட் வைத்தால் இவ்வளவு, இரண்டாவது ஸ்டென்ட்டுக்கு மேலும் இவ்வளவு. வேலை கூடக்கூட வருமானம் கூடும்.

இரண்டாவது வழி, முன்கூட்டியே பேசி முடித்த கட்டணம். காப்புறுதி நிறுவனம் மருத்துவருடன் ஒப்பந்தம் செய்து, "இந்தச் சிகிச்சைக்கு இதற்கு மேல் வாங்கக்கூடாது" என்று எல்லை வகுக்கிறது. பதிலுக்குத் தன் வாடிக்கையாளர்களை அவரிடம் அனுப்பி வைக்கிறது. இப்படி ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களைத்தான் பேனல் மருத்துவர்கள் என்கிறோம்.

மூன்றாவது வழி, சம்பளம் அல்லது ஒட்டுமொத்தத் தொகை. எத்தனை சோதனை செய்தாலும், எத்தனை ஸ்டென்ட் வைத்தாலும் மருத்துவர் பெறுவது மாறாது.

ஒவ்வொன்றிலும் ஓர் ஆபத்து உண்டு. முதலாவதில் தேவைக்கு அதிகமாகச் செய்யும் ஆபத்து. மூன்றாவதில் தேவைக்குக் குறைவாகச் செய்யும் ஆபத்து. நடுவில் உள்ளதில் மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சுருங்கும் ஆபத்து. இந்த மூன்றுக்கும் இடையே எதை ஏற்றுக்கொள்வது என்பதுதான் எல்லா நாடுகளும் போராடிக்கொண்டிருக்கும் பிரச்சினை.

மாசசூசெட்ஸ் சொன்ன பாடம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருதய நோயாளிகளின் கணக்குகளை மூன்று பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்து 2000-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டேவிட் கட்லர், மார்க் மெக்லெல்லன், ஜோசப் நியூஹவுஸ் என்பவை அவர்களின் பெயர்கள். மருத்துவர்களோடு விலை பேசி ஒப்பந்தம் செய்துகொண்ட காப்புறுதித் திட்டங்களையும், மருத்துவர் கேட்டதைக் கொடுக்கும் பழைய பாணித் திட்டங்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள்.

இருதய நோயை அவர்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சளி, இருமலுக்கு மருத்துவரிடம் போவதும் போகாததும் அவரவர் விருப்பம். மாரடைப்பு அப்படியல்ல. யாருக்கு எந்தத் திட்டம் இருந்தாலும் மருத்துவமனைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். அதனால் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

முடிவு பலரை வியக்க வைத்தது. ஒப்பந்தத் திட்டங்களில் செலவு 30 முதல் 40 விழுக்காடு குறைவு. சிகிச்சையைக் குறைத்துவிட்டார்களோ என்று பார்த்தால், அப்படியில்லை. இரு தரப்பினரும் பெற்ற சிகிச்சையில் பெரிய வேறுபாடில்லை. நோயாளிகளின் உடல்நிலை முடிவுகளிலும் பெரிய வேறுபாடில்லை. செலவு குறைந்ததற்குக் காரணம் ஏறத்தாழ முழுவதும் ஒன்றே ஒன்று: அதே சிகிச்சைக்குக் கொடுத்த விலை குறைவு.

அதாவது மலிவான பில் என்றால் மட்டமான சிகிச்சை என்று பொருளல்ல. அதிகமான பில் என்றால் உயர்ந்த சிகிச்சை என்றும் பொருளல்ல. விலை பேச ஒருவர் இருந்தாரா, இல்லையா என்பதே வேறுபாடு.

"எல்லாம் காப்புறுதி பார்த்துக்கொள்ளும்"

இனி சிங்கப்பூர் நிலவரத்துக்கு வருவோம். 1984-ல் மெடிசேவ், 1990-ல் மெடிஷீல்டு, 1993-ல் மெடிஃபண்ட் என்று படிப்படியாகக் கட்டப்பட்டது இங்குள்ள அமைப்பு. 2015 நவம்பர் 1 முதல் மெடிஷீல்டு லைஃப் எல்லாக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் வாழ்நாள் முழுவதும் பாதுகாப்புத் தருகிறது. ஏற்கெனவே இருதய நோய் உள்ளவர்களும் அதில் அடங்குவர். அதன்மேல், தனியார் மருத்துவமனை அல்லது பொது மருத்துவமனையின் உயர் வகுப்புப் படுக்கைக்காகப் பலர் ஒருங்கிணைந்த பாதுகாப்புத் திட்டத்தை வாங்குகிறார்கள். அதற்கும் மேல் ரைடர் என்னும் கூடுதல் திட்டம்.

ரைடர் எதற்கு? அடிப்படைத் திட்டத்தில் நோயாளி இரண்டு பகுதிகளைத் தாமே கட்ட வேண்டும். முதலில் கழிவுத்தொகை. பிறகு எஞ்சிய தொகையில் ஒரு பங்கு. இவ்விரண்டையும் ரைடர் ஏற்றுக்கொண்டது. ஒரு காலத்தில் முழு ரைடர் வாங்கியவர் கையிலிருந்து ஒரு காசும் கொடுக்காமல் மருத்துவமனையை விட்டு வெளியே வர முடிந்தது.

கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அறையில் நடந்தது என்ன? நோயாளிக்கு விலையைப் பற்றிக் கவலையில்லை. மருத்துவருக்குக் கேட்க யாருமில்லை என்ற துணிவு. மருத்துவமனைக்கும் அதே நிலை. பணம் கட்டுகிற நிறுவனமோ அந்த அறையிலேயே இல்லை. கல்யாண விருந்தில் இலைக்கு இவ்வளவு என்று விலை பேசாமல், "போடுகிறதைப் போடுங்கள், கடைசியில் கணக்குப் பார்க்கலாம்" என்று சொன்னால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

விலைக்கு வழிகாட்டியும் இல்லாமல் போயிற்று. சிங்கப்பூர் மருத்துவச் சங்கம் வெளியிட்டு வந்த கட்டண வழிகாட்டி, போட்டித்தன்மைச் சட்டத்துக்கு முரணாகலாம் என்ற காரணத்தால் 2007-ல் மீட்டுக்கொள்ளப்பட்டது. பிறகு 2018 நவம்பரில்தான் சுகாதார அமைச்சு 222 வகையான சிகிச்சைகளுக்குத் தனியார் மருத்துவர் கட்டணத்தின் நியாயமான வரம்புகளை வெளியிட்டது. இடையில் பதினோர் ஆண்டுகள் நோயாளியின் கையில் ஒப்பிட்டுப் பார்க்க அளவுகோல் இல்லை.

அமைச்சு 2018 மார்ச்சில் முழு ரைடர்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. புதிதாக வாங்குகிறவர்கள் பில்லில் குறைந்தது 5 விழுக்காட்டைத் தாமே கட்ட வேண்டும் என்றது. பேனல் மருத்துவரிடம் போனாலோ, நிறுவனத்திடம் முன் அனுமதி பெற்றாலோ இந்தத் தொகைக்கு ஆண்டுக்கு 3,000 வெள்ளி என்ற உச்சவரம்பு வைக்கலாம் என்றும் சொன்னது. அதுவும் போதவில்லை. 2025 நவம்பரில் அமைச்சு மற்றோர் அறிவிப்பு செய்தது. 2026 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் புதிய ரைடர்கள் குறைந்தபட்சக் கழிவுத்தொகையை ஏற்கக்கூடாது. உச்சவரம்பும் குறைந்தது 6,000 வெள்ளியாக இருக்க வேண்டும். தனியார் மருத்துவமனைத் திட்டத்தோடு ரைடரும் வைத்திருப்பவர்கள், ரைடர் இல்லாதவர்களைவிட 1.4 மடங்கு அதிகமாகக் கோரிக்கை விடுக்கிறார்கள் என்றும், அவர்களின் சராசரிக் கோரிக்கைத் தொகையும் 1.4 மடங்கு என்றும் அமைச்சு அப்போது சுட்டிக்காட்டியது.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக, 58 வயது டாக்சி ஓட்டுநர் ஒருவருக்குத் தனியார் மருத்துவமனையில் ஸ்டென்ட் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பில் 40,000 வெள்ளி. கழிவுத்தொகை 3,500 வெள்ளி. நோயாளியின் பங்கு 10 விழுக்காடு. இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள்.

ரைடர் இல்லாவிட்டால்: முதலில் 3,500 வெள்ளி. எஞ்சிய 36,500 வெள்ளியில் 10 விழுக்காடு 3,650 வெள்ளி. மொத்தம் 7,150 வெள்ளி.

பழைய முழு ரைடர் இருந்தால்: ஒன்றுமில்லை.

5 விழுக்காடு கட்டச் சொல்லும் ரைடர் இருந்தால்: 2,000 வெள்ளி.

2026 ஏப்ரலுக்குப் பிறகு வந்த ரைடர் இருந்தால்: கழிவுத்தொகை 3,500 வெள்ளி, எஞ்சியதில் 5 விழுக்காடு 1,825 வெள்ளி. மொத்தம் 5,325 வெள்ளி.

இப்போது மருத்துவர் பில்லை 40,000-லிருந்து 50,000 ஆக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முழு ரைடர்காரருக்கு ஒன்றும் தெரியாது. ரைடர் இல்லாதவருக்கோ 1,000 வெள்ளி கூடும். அவர் நிச்சயம் ஒரு கேள்வி கேட்பார். அந்த ஒரு கேள்விதான் விலைக்குக் கடிவாளம்.

பேனல் மருத்துவர்: நன்மையும் சங்கடமும்

பேனல் முறையில் நோயாளிக்காக விலை பேசும் வேலையைக் காப்புறுதி நிறுவனம் செய்கிறது. கட்டணம் ஓரளவு முன்கூட்டியே தெரியும். முன் அனுமதி எளிதில் கிடைக்கும். நோயாளி கட்டும் பங்குக்கு உச்சவரம்பும் இருக்கும். மேலே சொன்ன 5 விழுக்காட்டு ரைடரில் பில் 80,000 வெள்ளி ஆனால் நோயாளியின் பங்கு 4,000. பேனல் மருத்துவரிடம் போயிருந்தால் 3,000-த்தோடு நின்றுவிடும். பேனலுக்கு வெளியே போனால் பங்கை மேலும் உயர்த்தும் திட்டங்களும் உண்டு.

சங்கடமும் இருக்கிறது. பத்து ஆண்டுகளாகப் பார்த்துவரும் இருதய நிபுணர் பேனலில் இல்லாமல் போகலாம். பேனல் என்பது நிரந்தரமானதும் அல்ல. இந்த ஆண்டு இருப்பவர் அடுத்த ஆண்டு இல்லாமல் போகலாம். மருத்துவர்களின் தரப்பிலும் நியாயமான குறை உண்டு. எந்த அடிப்படையில் சிலரைச் சேர்க்கிறார்கள், சிலரை விடுகிறார்கள் என்பது தெரிவதில்லை என்றும், கட்டணத்தை அளவுக்கு மீறி அழுத்தினால் நல்ல நிபுணர்கள் ஒதுங்கிவிடுவார்கள் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். இதனாலேயே பேனல்களை விரிவாக்கும்படி காப்புறுதி நிறுவனங்களுக்கு நெருக்குதல் வந்தது.

இடையில் மற்றொரு தரப்பும் நுழைந்தது. நோயாளிகளை மருத்துவரிடம் அனுப்பி, கோரிக்கைகளைக் கையாளும் இடைநிலை நிர்வாக நிறுவனங்கள். இவற்றுள் சில, மருத்துவரின் கட்டணத்தில் இத்தனை விழுக்காடு என்று வாங்கிக்கொண்டன. பில் பெரிதானால் தரகும் பெரிதாகும். சிங்கப்பூர் மருத்துவ மன்றம் இதைக் கட்டணத்தைப் பங்கு போடும் செயலாகக் கருதியது. செய்த நிர்வாக வேலைக்கு ஏற்ற தொகையை மட்டுமே கொடுக்கலாம், பில்லின் விழுக்காட்டைக் கொடுக்கக்கூடாது என்ற விதி 2017-ல் நடப்புக்கு வந்தது.

எல்லா அடைப்புக்கும் ஸ்டென்ட் தேவையா?

இதுவரை விலையைப் பார்த்தோம். அடுத்தது எண்ணிக்கை. காப்புறுதி ஏற்பாடு, செய்யும் சிகிச்சையின் எண்ணிக்கையையும் தொடுகிறது.

மாரடைப்பு வந்துவிட்டால் உடனே அடைப்பைத் திறப்பது உயிர் காக்கும். அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் மாடிப்படி ஏறினால் மட்டும் நெஞ்சு இறுக்கம், உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்ற நிலையான இருதய நோய் உள்ளவர்களின் கதை வேறு. இவர்களைப் பற்றி 2007-ல் கரேஜ் என்ற ஆய்வும், 2019-ல் இஸ்கீமியா என்ற ஆய்வும் வெளிவந்தன. இரண்டாவது ஆய்வில் 37 நாடுகளைச் சேர்ந்த 5,179 பேர் கலந்துகொண்டார்கள். நல்ல மருந்தும் வாழ்க்கைமுறை மாற்றமும் பெற்றவர்களோடு ஒப்பிடும்போது, அவற்றோடு ஸ்டென்ட்டோ பைபாஸோ சேர்த்துப் பெற்றவர்களிடம் மரண விகிதம் குறையவில்லை என்று இரு ஆய்வுகளும் கண்டன. வலி அடிக்கடி வருகிறவர்களுக்கு ஸ்டென்ட் நிவாரணம் தந்தது உண்மை. பெரிய இடது குழாயில் கடுமையான அடைப்பு உள்ளவர்கள் போன்ற சிலர் இஸ்கீமியா ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு இந்த முடிவு பொருந்தாது.

ஆக, ஒரு பெரும் பிரிவினருக்கு மருந்தா, ஸ்டென்ட்டா என்பது பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம். அந்தப் பேச்சு நடக்கும் இடத்தில், ஒரு வழியில் மருத்துவருக்கு வருமானம், மற்றொரு வழியில் வெறும் ஆலோசனைக் கட்டணம், நோயாளிக்கோ இரண்டும் இலவசம் என்றால் தராசு எந்தப் பக்கம் சாயும்? பெரும்பாலான மருத்துவர்கள் மனசாட்சிப்படி நடப்பவர்கள்தாம். ஆனால் ஓர் அமைப்பு மனசாட்சியை மட்டும் நம்பி நிற்கக்கூடாது.

நம்பி நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ரெடிங் நகரம் சாட்சி. கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள இந்தச் சிறு நகரின் மருத்துவமனையில் தேவையில்லாத இருதயச் சிகிச்சைகள் செய்யப்படுவதாகக் குற்றச்சாட்டு எழுந்து, 2002 அக்டோபரில் புலனாய்வு அதிகாரிகள் சோதனை நடத்தினார்கள். மருத்துவர்கள் குற்றச்சாட்டை மறுத்தார்கள். குற்றவியல் வழக்கு தொடரப்படவில்லை. ஆனால் மருத்துவமனையை நடத்திய நிறுவனம் 2003-ல் அரசாங்கத்துடன் 5 கோடியே 40 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அடுத்த ஆண்டில் நோயாளிகளுடன் 39 கோடியே 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. செய்த வேலைக்கெல்லாம் பணம் வந்துகொண்டிருந்தவரை பணம் கட்டுகிறவர்கள் யாரும் நிறுத்திக் கேட்கவில்லை.

சிங்கப்பூரில் இப்படிப்பட்ட கேள்வியைக் கேட்கவே மெடிஷீல்டு லைஃப் கோரிக்கைகளைக் கண்காணிக்கும் அலுவலகம் 2022-ல் அமைக்கப்பட்டது. சிகிச்சை தேவைதானா என்று அது கோரிக்கைகளை ஆராய்கிறது.

மருத்துவர் தமக்காக எடுக்கும் காப்புறுதி

காப்புறுதி நோயாளிக்கு மட்டும் உரியதன்று. தவறு நேர்ந்து நோயாளி வழக்குப் போட்டால் தம்மைக் காத்துக்கொள்ள மருத்துவரும் பாதுகாப்பு எடுத்துக்கொள்கிறார். அதற்குக் கட்டும் தொகையும் அவருடைய கிளினிக் செலவுதான். வாடகையைப் போல, தாதியர் சம்பளத்தைப் போல அதுவும் கடைசியில் நோயாளியின் பில்லில் வந்து சேர்கிறது.

இதைவிட முக்கியமானது வழக்கைப் பற்றிய பயம். நெஞ்சு வலி என்று வருகிறவரை, "இது வாயுக் கோளாறுதான்" என்று சொல்லி அனுப்பி, மறுநாள் அவருக்கு மாரடைப்பு வந்துவிட்டால்? எதற்கும் ஒரு ஸ்கேன், எதற்கும் ஓர் ஆஞ்சியோகிராம் என்று எழுதிவிடுவது மருத்துவருக்குப் பாதுகாப்பு. இதைத் தற்காப்பு மருத்துவம் என்கிறார்கள்.

1996-ல் அமெரிக்க அறிஞர்கள் டேனியல் கெஸ்லரும் மார்க் மெக்லெல்லனும் கடுமையான இருதய நோயுள்ள முதியவர்களின் மருத்துவச் செலவை ஆராய்ந்தார்கள். மருத்துவர் மீதான இழப்பீட்டுக்கு நேரடி வரம்பு வைத்த மாநிலங்களில் செலவு 5 முதல் 9 விழுக்காடு குறைந்தது. மரணமோ கடும் பாதிப்போ குறிப்பிடும்படி அதிகரிக்கவில்லை. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. ஆனாலும் வழக்குப் பயத்துக்கு ஒரு விலை உண்டு என்பதை அது உணர்த்தியது.

சிங்கப்பூர் நாடாளுமன்றமும் 2020-ல் ஒரு சட்டத்திருத்தத்தை நிறைவேற்றியது. மருத்துவர் நோயாளிக்குத் தரும் ஆலோசனையை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்பதை அது தெளிவுபடுத்தியது. 2022 ஜூலை 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. மருத்துவர்கள் தற்காப்பு மருத்துவத்தில் இறங்கிவிடக்கூடாது என்ற கவலையும் அதற்கு ஒரு காரணம்.

கடற்பாலத்துக்கு அப்பால்

மலேசியா வேறு வழியில் போய்ப் பார்த்தது. தனியார் மருத்துவர் எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு அங்கு 2006-லிருந்தே சட்டப்படியான உச்சவரம்பு அட்டவணை இருக்கிறது. 2013-ல் அது உயர்த்தப்பட்டது. ஆனால் மருத்துவமனை வாங்கும் மற்றக் கட்டணங்களுக்கு, அதாவது பொருட்கள், மருந்து, சிகிச்சைக் கூடம் போன்றவற்றுக்கு, அந்த அட்டவணையில் எல்லை கிடையாது. ஒரு வாசலைப் பூட்டினால் போதாது என்பது அங்கு தெரியவந்தது. காப்புறுதிச் சந்தா வேகமாக ஏறவே, 2024 செப்டம்பர் முதல் நோயாளியும் ஒரு பங்கு கட்டும் திட்டங்களை வழங்கும்படி நிறுவனங்களுக்கு மத்திய வங்கி உத்தரவிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில், சந்தா உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்து விதிக்கச் சொன்னது. பாதை வேறானாலும் இரு நாடுகளும் வந்து நிற்கும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான்.

கடைசியில் கட்டுவது யார்?

காப்புறுதி நிறுவனத்திடம் சொந்தப் பணம் என்று ஒன்றில்லை. சந்தா கட்டுகிற எல்லாருடைய பணமும்தான் அது. ஒருவருடைய பில்லில் சேர்ந்த தேவையற்ற பத்தாயிரம் வெள்ளி, அடுத்த ஆண்டு ஆயிரக்கணக்கானோரின் சந்தாவில் கரைந்து வருகிறது.

அதன் பாரம் அதிகமாக விழுவது முதியவர்கள்மேல்தான். வயது ஏற ஏறச் சந்தாவும் ஏறுகிறது. தனியார் காப்புறுதிப் பகுதிக்கு மெடிசேவிலிருந்து எடுக்கக்கூடிய தொகைக்கு எல்லை உண்டு: 40 வயது வரை ஆண்டுக்கு 300 வெள்ளி, 70 வயது வரை 600 வெள்ளி, அதற்கு மேல் 900 வெள்ளி. எஞ்சியதை ரொக்கமாகக் கட்ட வேண்டும். ரைடருக்கோ மெடிசேவைத் தொடவே முடியாது. சம்பளம் நின்றுபோன வயதில், இருதய நோய் வரும் வாய்ப்பு அதிகமான வயதில், சந்தா கட்ட முடியாமல் திட்டத்தைக் கைவிடுகிற நிலை வருகிறது. முப்பது வயதிலிருந்து கட்டி வந்தவர், தேவைப்படும் நேரத்தில் இறங்கிவிடுகிறார். விலை பேசப்படாத பில்களின் உண்மையான பலி இவர்தான்.

இப்படிப்பட்டவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்ட முடியவில்லை என்றால் முழுவதையும் விட்டுவிட வேண்டியதில்லை. அதே நிறுவனத்தில் பொது மருத்துவமனைக்கான குறைந்த திட்டத்துக்கு இறங்கலாம். அதற்கு வழக்கமாகப் புதிய உடல்நலச் சோதனை கேட்பதில்லை. ஆனால் நிறுவனத்தையே மாற்றினால், ஏற்கெனவே உள்ள இருதய நோயைப் புதிய நிறுவனம் விலக்கி வைக்கலாம். எல்லாவற்றையும் விட்டுவிட்டாலும் மெடிஷீல்டு லைஃப் இருக்கவே இருக்கிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

திட்டமிட்டுச் செய்யும் இருதயச் சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளுமுன் குடும்பத்தில் ஒருவர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து இவற்றைக் கேட்க வேண்டும்:

இந்தச் சிகிச்சை உடனே தேவையா? மருந்தோடு சில வாரம் பார்க்க முடியுமா? ஸ்டென்ட் வைத்தால் ஆயுள் கூடுமா, வலி மட்டும் குறையுமா?

மருத்துவர் கட்டணம் எவ்வளவு? மருத்துவமனைக் கட்டணம், ஸ்டென்ட் விலை இவை அதில் அடங்குமா? எழுத்து மூலம் மதிப்பீடு கிடைக்குமா? சுகாதார அமைச்சு வெளியிட்டுள்ள வரம்புக்குள் அது இருக்கிறதா?

மருத்துவர் பேனலில் இருக்கிறாரா? மயக்க மருந்து கொடுப்பவரும் பேனலில் இருக்கிறாரா? முன் அனுமதி வாங்கியாயிற்றா?

இதே சிகிச்சை பொது மருத்துவமனையில் மானியப் பிரிவில் செய்தால் எவ்வளவு, எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? தனியார் நோயாளியாகத் தொடங்கிவிட்டுப் பின்னர் மானியப் பிரிவுக்கு மாறுவது எளிதன்று. ஆகவே இதை முதலிலேயே கேட்பது நல்லது.

இப்படிக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. டாக்டரிடம் போய்க் காசைப் பற்றிப் பேசுவதா என்று நம்மவர்கள் தயங்குவதுண்டு. வீட்டுக்கு வர்ணம் பூச மூன்று இடத்தில் விலை கேட்கிறவர்கள், இருதயச் சிகிச்சைக்கு ஓர் இடத்திலும் கேட்பதில்லை. நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்வார்.

இவை எல்லாம் திட்டமிட்ட சிகிச்சைக்கு மட்டும். நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் வலி, வியர்வை, மூச்சுத் திணறல், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் காப்புறுதி அட்டையைத் தேடி அலமாரியைத் திறக்கக்கூடாது. உடனே 995. ஆம்புலன்ஸ் பெரும்பாலும் தகுந்த பொது மருத்துவமனைக்குத்தான் கொண்டுசெல்லும். அங்கு உயிர் முதலில், கணக்குப் பிறகு. அடைப்பைத் திறப்பதில் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசையில் ஒரு பகுதியை இழக்கிறோம். அதற்கு எந்த நிறுவனமும் இழப்பீடு தராது.